கூடையின் எடை

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கேமரன் மலையின் ரிங்லெட் கடைத்தெருவில் எல்லா வண்டிகளும் ஒரே சாதி. தாப்பாவில் புறப்பட்டு, லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டி, பெத்தாயும் மூங்கில் குருத்தும் விற்கும் செமாய் மக்களின் கொட்டகைகளைத் தாண்டி, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் 59ஆம் எண் சாலை இங்கேதான் முதன்முதலாக முதுகை நிமிர்த்தும். நிமிர்ந்த கையோடு நெரிசலில் மாட்டிக்கொள்ளும். தானா ராத்தாவுக்குப் போகிற குடும்பங்கள், ஹாபுவில் ‘போ’ தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள், காய்கறி லோரிகள், சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நகரும்.

அன்று அந்த வரிசையின் தலையில் ஒரு பழைய லேண்ட்ரோவர் நின்றது. ஒரு கதவு பச்சை, மறு கதவு நீலம். முதுகில் ஆள் உயரத்துக்கு முட்டைக்கோசு. அதன் பின்னால், கோலாலம்பூரிலிருந்து வந்த ஆரஞ்சு நிற லம்போர்கினி அவென்டடோர், தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. அதற்கும் பின்னால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு சிறிய லோட்டஸ் எலீஸ். ஒட்டுக்கடை வாசலில் தேநீரோடு நின்றிருந்த என்னிடம் கடைக்காரரின் மகன் கேட்டான்:

“பின்னால நிக்குற ரெண்டுல எது அங்கிள் முந்தும்?”

“இப்போதைக்கு முந்துறது முட்டைக்கோசு.”

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

*

மூன்று வண்டிகளின் பூர்வீகத்தையும் தோண்டிப் பார்த்தால் ஒரே ஆண்டில் கை இடறுகிறது: 1948. போர் முடிந்து இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ரோவர் நிறுவனம் விவசாயிகளுக்காக ஒரு முரட்டு வண்டி செய்ய நினைத்தது. எஃகுக்குப் பதில் அலுமினியக் கலவையில் உடலைச் செய்தது. லேண்ட்ரோவர் பிறந்தது. அதே ஆண்டு, காலின் சாப்மன் என்ற இளைஞர் தம் காதலியின் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துப் போட்டு, தேவையில்லாததைக் களைந்து, முதல் லோட்டஸைக் கட்டினார். அதே ஆண்டு, இத்தாலியில் பெருச்சியோ லம்போர்கினி, ராணுவம் கழித்துப்போட்ட உதிரிகளைக் கொண்டு டிராக்டர் செய்யத் தொடங்கினார். பணம் சேர்ந்த பிறகு, 1963இல்தான் அவர் கார் கம்பெனி வைத்தார். மலாயாவுக்கும் 1948 மறக்கக்கூடிய ஆண்டல்ல. அந்த ஜூனில்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் ராணுவத்தோடு வந்த லேண்ட்ரோவர்களைப் பார்த்துப் பழகித்தான் கேமரன் மலையின் காய்கறிக்காரர்கள் அவற்றைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள்.

மூன்றும் பஞ்சத்தில் பிறந்த பிள்ளைகள். ஒன்று பஞ்சத்தை அப்படியே சுமந்துகொண்டு இன்றும் உழைக்கிறது. ஒன்று பஞ்சத்தைக் கொள்கையாக்கிக் கொண்டது. ஒன்று, பஞ்சம் தீர்ந்ததும் அதன் சாயலே மேலே படாமல் வளர்ந்தது.

*

எங்கள் ஆத்தா, அப்பாவைப் பெற்றவள், இந்த மலையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். எந்தத் தோட்டம் என்பது இப்போது வேண்டாம். நிறுவைக் கொட்டகையில் தோட்டக் கணக்கரான கிராணி தராசுக் கொக்கியில் கூடையை மாட்டுவார். முள் காட்டும் எண்ணிலிருந்து கூடைக்கென்று இரண்டு ராத்தல் கழிப்பார். மழை நாளானால் தண்ணீருக்கென்று மேலும் கொஞ்சம் போகும். கூடை உண்மையில் எத்தனை ராத்தல் என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. புதுக் கூடைக்கும் இரண்டு ராத்தல், ஓட்டைக் கூடைக்கும் இரண்டு ராத்தல்.

இந்தக் கணக்கில் ஒரு சந்து இருப்பதை ஆத்தா கண்டுகொண்டாள். கூடை இரண்டு ராத்தலுக்குக் கீழே போனால், குறைந்த அளவு அவளுக்கு லாபம். இராத்திரியில் லயத்து வாசலில் உட்கார்ந்து, விளிம்புப் பிரம்பைக் கத்தியால் சீவுவாள். தடித்த குச்சிகளை ஒன்று விட்டு ஒன்று உருவிவிடுவாள். தோள் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பழைய சேலைக் கிழிசலை முறுக்கிக் கட்டுவாள். ஏன் ஆத்தா சீவுகிறாய் என்று அப்பா சின்ன வயதில் கேட்டாராம்.

“கூடை கனமா இருந்தா என் கூலிய அது தின்னுடும்டா.”

தேயிலைத் தொழிலே எடையைக் கழிக்கிற தொழில்தான். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்தால் மிஞ்சுவது ஒரு கிலோ தூள். மீதி நான்கு கிலோ தண்ணீராக மலைக்காற்றில் கலந்துவிடும். ஆனால் எடுப்பவளுக்குக் கூலி, பச்சை எடைக்கு. எடை அவளுக்கு ஒரே சமயத்தில் சோறாகவும் இருந்தது, சுமையாகவும் இருந்தது. கொழுந்தின் எடை சோறு. கூடையின் எடை வெறும் சுமை. இரண்டும் ஒரே கொக்கியில் தொங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் ஆத்தாவின் படிப்பு.

*

அந்தப் படிப்பைக் காரின் மேல் வைத்துப் பார்க்கலாம். காரில் கொழுந்து யார்? ஓட்டுகிறவர். எழுபது கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதியெல்லாம் கூடை.

முதல் தலைமுறை எலீஸின் எடை 725 கிலோ. ஒரு பங்கு கொழுந்துக்குப் பத்துப் பங்கு கூடை. 2011இல் வந்த அவென்டடோர், எண்ணெயும் நீரும் ஊற்றாமலே 1,575 கிலோ. ஒரு பங்குக்கு இருபத்திரண்டரைப் பங்கு. எங்கள் லேண்ட்ரோவர் வெறும் வண்டியாகச் சுமார் ஒன்றேகால் டன். அது ஏற்றி வரும் முட்டைக்கோசு அரை டன்னுக்குக் குறையாது. கொழுந்து ஒன்றென்றால் கூடை இரண்டரை. கிராணி இருந்திருந்தால் பரிசை லேண்ட்ரோவருக்குத்தான் கொடுத்திருப்பார்.

ஆனால் பையன் கேட்டது வேகத்தை. அதில் அவென்டடோருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். ஆறரை லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், 700 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தை 2.9 விநாடியில் தொடும். எலீஸில் இருப்பது 1.8 லிட்டர், 118 குதிரைத்திறன். டன்னுக்கு இத்தனை குதிரை என்று கணக்குப் போட்டாலும் பெரிய வண்டி இரண்டரை மடங்குக்கு மேல் முந்தி நிற்கும். நேர்ச்சாலையில் பேச்சே இல்லை.

தாப்பா சாலையில்தான் நேர் இல்லை. மலைச்சாலை ஒரு வண்டியிடம் கேட்பது மூன்று: ஏறு, திரும்பு, நில். மூன்றுக்கும் விடை எடையில் தொடங்குகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு 725 கிலோவைத் தூக்க ஏறக்குறைய 71 லட்சம் ஜூல் வேண்டும். 1,575 கிலோவுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல். இறங்கும்போது அவ்வளவும் திரும்பி வரும். பெரும்பகுதியை பிரேக் தட்டுகள்தான் வெப்பமாக்கிக் காற்றில் விட வேண்டும். வளைவில் டயரின் பிடி இருக்கிறது பாருங்கள், அது சுமைக்கு ஈடாக ஏறுவதில்லை. சுமை இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே கூடும். அந்தக் குறையை நிரப்ப அகலமான டயர். அவென்டடோரின் பின்சக்கரத்தில் 335 மில்லிமீட்டர். அகலமான டயருக்குப் பெரிய சக்கரம், பெரிய சக்கரத்துக்குப் பெரிய பிரேக், இத்தனையும் தாங்கத் தடித்த கைகள், இவ்வளவையும் இழுக்கப் பெரிய எஞ்சின், அதைக் குளிர்விக்க இன்னும் நீர், இன்னும் குழாய். வட்டிக்கு வட்டி என்பார்களே, எடையும் அப்படித்தான் குட்டி போடும்.

எலீஸில் இந்தக் கணக்கு பின்பக்கமாக ஓடுகிறது. எலும்புக்கூட்டை அலுமினியப் பெட்டிக் குழாய்களால் செய்தார்கள்; பற்றவைத்தால் சூட்டில் அலுமினியம் பலம் இழக்கும், அதற்காகத் தடிமனைக் கூட்ட வேண்டும் என்பதால் பசை போட்டு ஒட்டினார்கள். மொத்த எலும்புக்கூடும் 68 கிலோ. ஓட்டுகிறவரும் அவரைத் தாங்கும் எலும்பும் ஏறக்குறைய ஒரே எடை. எடை குறைந்ததால் முன்டயர் 185 மில்லிமீட்டர் போதும் என்றானது. டயர் மெலிந்ததால் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவி மோட்டார் வேண்டாம் என்றானது. மோட்டார் இல்லாததால் சாலையின் ஒவ்வொரு சிறு பள்ளமும் நேராக உள்ளங்கைக்கு வருகிறது. ஒன்றை விட்டால் அடுத்ததும் தானே கழன்று கொள்கிறது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அவர்கள் ஊர் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, மெலிந்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் வைத்தார். சந்தைக்குப் போகிற காரின் எஞ்சின்தான்; ஆனால் வளைவைக் கற்றுக்கொள்ள அதற்கு மேல் வேண்டியதில்லை. நரேன் கார்த்திகேயன் அந்த வகை வண்டியில்தான் தொடங்கினார். 2005இல் அவர் செப்பாங்கில் ஃபார்முலா ஒன் ஓட்டினார். எங்கள் ஊரில் பந்தயம் என்றால் குதிரைப் பந்தயம் என்று மட்டும் அறிந்திருந்த கிழவர்கள்கூட அன்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்கள்.

*

பெரிய வண்டியை முட்டாள்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அன்று அந்த ஆரஞ்சு வண்டி சாலை மேட்டை நண்டு போலக் குறுக்காக ஏறி இறங்கியபோது, கடைத்தெருவில் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் தன் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. பேருந்துக்காகக் காத்திருந்த பாட்டிகளும் பார்த்தார்கள். அந்தக் கண்களை எங்கேயோ பார்த்திருக்கிறேன். தைப்பூசத்தில் வெள்ளித் தேர் கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்குப் போகும்போது இரண்டு ஓரத்திலும் நிற்கும் கண்கள் அவை. தேர் எங்கேயாவது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவில்லை. அது கனமாக இருக்க வேண்டும், அகலமாக இருக்க வேண்டும், மெல்லப் போக வேண்டும், வழியை அடைக்க வேண்டும். 350 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய அவென்டடோர் ரிங்லெட்டில் எட்டு கிலோமீட்டரில் நகர்ந்தபோது, அது தோற்றுப்போய் நிற்கவில்லை. தன் உண்மையான வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அப்படியானால் எலீஸ் காவடி. அதே நாள், அதே பத்துமலை, அதே 272 படிகள். தேரில் போவதைச் சாமி என்கிறோம். காவடியில் போவது மனிதன். காவடி கட்டுகிறவர்களைப் பார்த்தால் தெரியும். அலுமினியக் குழாய், மெல்லிய பலகை, மயிலிறகு. ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு வாக்குவாதம் நடக்கும். ஏனென்றால் அந்தத் திருகாணியைத் தோளில் சுமந்து படியேறப் போகிறவன் பக்கத்திலேயே நிற்கிறான். காவடியை ஏற்றியவனுக்கு, கால் வைக்கும் ஒவ்வொரு படியின் உயரமும் இடுப்பில் தெரியும். எலீஸ் ஓட்டியவர்களும் இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறார்கள்.

மயிலிறகு என்றதும் வலியறிதல் அதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. அங்கே வள்ளுவர் ஒரு வண்டியை நிறுத்தி, அதில் மயிலிறகை ஏற்றுகிறார். அளவு மீறினால் அச்சு என்னாகும் என்று காட்டுகிறார். அந்தக் குறளை எப்போதும் அளவைப் பற்றிய அறிவுரையாகவே படித்து வந்தேன். இப்போது ஒரு சிறு சந்தேகம். ஒவ்வோர் இறகையும் ஏற்றியவன் ‘இது ஒன்று என்ன கனமா’ என்றுதான் நினைத்திருப்பான். அச்சு முறிவது வண்டிக்காரன் தலையில். இறகை ஏற்றியவன் அப்போது எங்கே இருக்கிறான்?

*

இலகுவைப் புகழ்கிறவர்கள் தாண்டிப் போகும் ஒரு பக்கம் இருக்கிறது. எளிமையாக்கு, பிறகு இலகுவைச் சேர் என்பது சாப்மன் சொன்னதாக வழங்கும் வாக்கு. அந்த வாக்கு அவருடைய பந்தய வண்டிகளில் கடைசி எல்லை வரை போனது. லோட்டஸ் ஓட்டிய யோஹன் ரிண்ட், இந்த வண்டிகள் உடைந்துபோகிறவை என்று சாப்மனுக்கே கடிதம் எழுதினார். 1970 செப்டம்பர் 5 அன்று, மோன்சாவில், பந்தயத்துக்கு முந்தைய ஓட்டத்தில் ரிண்டின் லோட்டஸ் 72இல் முன் பிரேக் தண்டு முறிந்தது. அவர் இறந்தார். அந்த ஆண்டு அவர் அதுவரை சேர்த்திருந்த புள்ளிகளை யாராலும் எட்ட முடியவில்லை. இறந்த பிறகு உலகப் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அவர்.

ஆத்தாவின் கூடையும் ஒருநாள் முறிந்தது. சீவிச் சீவி அடிப்பக்கத்தையும் சீவிவிட்டாள். காலை நிறுவைக்குப் போகும் வழியில், சரிவில், அடி கழன்றது. அத்தனை கொழுந்தும் சேற்றில். அன்றைய காலைக் கூலி மலையோடு போனது. அடுத்த கூடையில் அவள் அடியைத் தொடவில்லை. விளிம்பை மட்டும் சீவினாள். எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்று ஒரு காலைக் கூலிக்குக் கற்றுக்கொண்டாள்.

இரண்டு முறிவுக்கும் இடையே உள்ள தூரத்தை நான் பலநாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆத்தா சீவிய கூடையை ஆத்தாதான் சுமந்தாள். லாபம் வந்தாலும் அவளுக்கு, அடி கழன்றாலும் அவளுக்கு. காவடிக்காரனும் அப்படியே. சாப்மன் சீவினார், ரிண்ட் சுமந்தார். இலகு என்பது சீவுகிற கையும் சுமக்கிற தோளும் ஒரே உடம்பில் இருக்கும்போதுதான் அறமாகிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அது கிராணியின் கழிவு: தண்ணீருக்கென்று அடுத்தவள் கூலியில் வெட்டும் கழிவு.

இந்த மலையில் இருந்துகொண்டு இலகுவைச் சும்மா கொண்டாட முடியாததற்கும் காரணம் அதுதான். எங்கள் முன்னோர் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்தார்கள். அவ்வளவு இலகுவாக வந்ததை யாரும் கலை என்று சொல்லவில்லை. கம்பளம் இல்லாத காரைப் பெரும்பணம் கொடுத்து வாங்குகிறவரின் எளிமையும், கம்பளம் என்றால் என்னவென்று தெரியாதவளின் எளிமையும் தராசில் ஒரே எண்ணைக் காட்டலாம். ஒன்று விட்டது, மற்றது கிடைக்காதது.

*

எலீஸுக்கும் மலேசியாவுக்கும் ஒரு சொந்தம் உண்டு என்பதை இளையவர்கள் மறந்துகொண்டு வருகிறார்கள். 1995இல் எலீஸ் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோது லோட்டஸ், ரொமானோ ஆர்த்தியோலி என்ற இத்தாலியரின் கையில் இருந்தது. புதிய வண்டிக்குப் பேத்தி எலிசாவின் பெயரை வைத்தார். அதே மனிதர்தான் புகாட்டியையும் எழுப்பி, நான்கு டர்போ பூட்டிய பன்னிரண்டு சிலிண்டர் இபி110ஐச் செய்தவர். ஒரு கையில் கூட்டல், மறு கையில் கழித்தல். கூட்டல் 1995இல் திவாலானது. கழித்தலை 1996இல் நம் புரோட்டான் வாங்கியது. அதற்குப் பிறகு வந்த புரோட்டான்கள் சிலவற்றின் பின்புறத்தில் ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’ என்று ஒரு சிறு பட்டை இருக்கும். எங்கள் லயத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவரின் வண்டியில் அந்தப் பட்டையை நான் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். எலீஸின் முதல் எஞ்சின் ரோவருடையது, உடலெலும்பு அலுமினியம். முட்டைக்கோசு சுமக்கும் லேண்ட்ரோவருக்கு அது தூரத்துச் சொந்தம் என்பதை அப்போது நான் அறியவில்லை.

2017இல் லோட்டஸின் 51 விழுக்காடு சீனாவின் ஜீலிக்குப் போனது. 2021இல் எலீஸின் உற்பத்தி நின்றது. இன்று லோட்டஸ் பெயரில் வரும் எலெட்ரே என்ற மின்வண்டி ஏறக்குறைய இரண்டரை டன். எவியா என்ற இன்னொன்றுக்கு 2,000 குதிரைத்திறன். கழித்தலைக் கொள்கையாகக் கொண்டவர்களும் கூட்டலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. எலீஸின் வழியில் எலும்புக்கூடு அமைத்து 2008இல் வந்த முதல் டெஸ்லாவில் பேட்டரி மட்டுமே சுமார் 450 கிலோ. புகையைக் கைவிட வேண்டுமென்றால் இந்தக் கனத்தை ஏற்றாக வேண்டும். கூடை மாறும்போது கழிவின் கணக்கும் மாறும்.

மலையிலும் மாறிவிட்டது. இப்போது கொழுந்தை இயந்திரம் வெட்டுகிறது. பிடித்துக்கொண்டு நடக்கிற இரண்டு கைகள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவை. மேலே காடு அழிந்த சரிவுகளிலிருந்து மழைக்கு மழை மண் கரைந்து ரிங்லெட் ஏரியில் இறங்குகிறது. இயந்திரங்கள் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருக்கின்றன. இந்த மலை கழிக்கிற எடையை யார் சுமக்கிறார்கள் என்று கேட்டால் அதற்கும் ஒரு தோள் இருக்கும்.

ஆத்தாவின் இரண்டாவது கூடை எங்கள் வீட்டு அடுப்படியில் வெங்காயம் வைக்கப் பயன்பட்டு வந்தது. பையனின் கேள்வி தீராமல், போன வாரம் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். காய்கறிக் கடையில் மின்தராசு இருக்கிறது. வைத்தேன். 840 கிராம். இரண்டு ராத்தல் என்பது 907 கிராம். ஒரு நிறுவைக்கு ஆத்தா மிச்சம் பிடித்தது 67 கிராம். நாளுக்கு மூன்று நிறுவை என்றால் 200 கிராம் கொழுந்து. காய்ந்தால் 40 கிராம் தூள். ஏறத்தாழ இருபது கோப்பைத் தேநீர்.

“காலிக் கூடைய எதுக்குண்ணே நிறுக்குறீங்க?” என்றாள் கடைக்காரத் தங்கை.

சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கூடையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.